ஆயிரத்தெட்டு அண்டத்துல இருந்து யாராவது வருவாங்களா?

ஓம் சரவணபவ! வேலும் மயிலும் துணை 🙏



கொஞ்ச நாளா நம்ம குரூப்புகள்ல ஒரு ஃபார்வர்டு சுத்திக்கிட்டே இருக்கு. முருகன் வேற்று கிரகத்துல இருந்து வந்தவராம். மயில் ஒரு விண்கலமாம். வேல் ஒரு லேசர் ஆயுதமாம். "அப்பவே நம்ம முன்னோர்கள் ஏலியனைப் பார்த்திருக்காங்க, பெருமையா ஷேர் பண்ணுங்க"ன்னு கடைசியில ஒரு வரி வேற. இதைப் படிச்சிட்டு நிறைய பேர் கேக்கறது ரெண்டே கேள்விதான். ஒண்ணு, நிஜமாவே அறிவுள்ள ஏலியன்கள் பூமிக்கு வருவாங்களா? ரெண்டு, அப்படி வந்துட்டா நம்ம சாமி என்ன ஆவார்?

ரெண்டுமே நல்ல கேள்விங்க. சிரிச்சிட்டுப் போக வேண்டிய விஷயம் இல்லை. பொறுமையா ஒவ்வொண்ணா பார்ப்போம்.

*முதல்ல, இருக்காங்களா?*

நம்ம பால்வீதியில மட்டும் குறைஞ்சது 10,000 கோடி நட்சத்திரங்கள் இருக்கு. 1995-ல மிஷேல் மேயர், டிடியே கெலோ என்கிற ரெண்டு சுவிஸ் விஞ்ஞானிகள், சூரியன் மாதிரியான வேறொரு நட்சத்திரத்தைச் சுத்தி வர்ற ஒரு கோளை முதன்முதலா கண்டுபிடிச்சாங்க. அதுக்கு 2019-ல நோபல் பரிசும் கிடைச்சது. அன்னைக்கு ஒண்ணு. இன்னைக்கு உறுதி செய்யப்பட்ட வெளிக்கோள்கள் 5,500-ஐத் தாண்டியாச்சு. இவ்வளவு பெரிய வீட்டுல நாம மட்டும்தான் குடியிருக்கோம்னு அடிச்சுச் சொல்ல யாராலயும் முடியாது. அதே சமயம், பூமிக்கு வெளியே ஒரு சின்ன நுண்ணுயிர் இருக்குன்னுகூட இதுவரைக்கும் உறுதியான ஆதாரம் இல்லை. அதுதான் நேர்மையான நிலவரம்.

இதுல நம்ம பெரியவங்க பதறிப் போயிருக்க மாட்டாங்க. ஏன்னா அண்டம் ஒண்ணுதான்னு அவங்க நினைக்கவே இல்லை. காஞ்சிபுரம் குமரகோட்டத்துல கச்சியப்ப சிவாச்சாரியார் அரங்கேற்றின கந்தபுராணத்துல சூரபத்மன் ஆண்டது 1008 அண்டம். மாணிக்கவாசகர் திருவண்டப்பகுதியில இன்னும் மேலே போறார். நூறு கோடிக்கும் அதிகமா விரிஞ்சு கிடக்கிற அண்டங்களும், வீட்டுக்குள்ள விழுற வெயில் கீற்றுல மிதக்கிற தூசி மாதிரி, இறைவன் முன்னாடி அவ்வளவு சின்னதுன்னு பாடறார்.

ஆனா ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிடறேன். இதை வச்சு "நாசாவுக்கு முன்னாடியே நாங்க கண்டுபிடிச்சிட்டோம்"னு கிளம்பக் கூடாது. அண்டம்னு அவங்க சொன்னது வேற, தொலைநோக்கியில அளந்து பார்க்கிற கோள் வேற. அவங்க சொல்ல வந்தது இறைவனோட அளவில்லாத பெருமையை. விஞ்ஞானி சொல்றது கோளோட எடையை, சுற்றுப்பாதையை. ரெண்டையும் போட்டுக் குழப்பினா ரெண்டுக்குமே மரியாதை போயிடும்.

*சரி, வருவாங்களா?*

இங்கேதான் கணக்கு போடணும். நான் சாஃப்ட்வேர்காரன், கணக்கு போடாம எனக்குத் தூக்கம் வராது.

சூரியனுக்கு அடுத்து நமக்கு மிகப் பக்கத்துல இருக்கிற நட்சத்திரம் பிராக்சிமா சென்டாரி. தூரம் 4.24 ஒளியாண்டு, கிட்டத்தட்ட 40 லட்சம் கோடி கிலோமீட்டர். 1977-ல கிளம்பின வாயேஜர் 1 விநாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்துல ஓடுது. சென்னையில இருந்து பழனிக்கு அரை நிமிஷம்தான் ஆகும். அந்த வேகத்துல பிராக்சிமா இருக்கிற தூரத்தைக் கடக்க சுமார் 75,000 வருஷம் ஆகும். இத்தனைக்கும் அதுதான் பக்கத்து வீடு!

"அவங்க நம்மைவிட வேகமா வருவாங்க ப்ரோ"ன்னு சொல்லலாம். சரி, ஒளியோட வேகத்துல பத்துல ஒரு பங்கு வேகம்னு வச்சுக்குவோம். அந்த வேகத்துக்கு வெறும் 1 கிலோ பொருளைக் கொண்டு போக எவ்வளவு சக்தி வேணும் தெரியுமா? கரண்ட் பில் பாஷையில சொன்னா சுமார் 12.5 கோடி யூனிட். ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் ஓடுற வீடுகள்னு எடுத்துக்கிட்டா, 40,000 வீடுகளோட ஒரு வருஷ கரண்ட் அது. ஆட்களையும் சாப்பாட்டையும் ஏத்திக்கிட்டு 1,000 டன் எடையில ஒரு கப்பல் வந்தா? இந்தியா முழுக்க ஒரு வருஷத்துல உற்பத்தி ஆகுற மின்சாரத்தைப் போல ஏறத்தாழ 60 மடங்கு வேணும். இங்கே வந்து நிறுத்த பிரேக் போடணும்ல, அதுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. இது இயற்பியல். எந்தக் கிரகத்துக்காரனுக்கும் இதுல தள்ளுபடி கிடையாது.

அடுத்தது காலம். பூமிக்கு வயசு 454 கோடி வருஷம். நாம ரேடியோ அலை அனுப்பக் கத்துக்கிட்டது கடைசி நூத்துச் சொச்ச வருஷத்துலதான். அவங்க 10 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி வந்து பார்த்திருந்தா காட்டைத்தான் பார்த்திருப்பாங்க. இன்னும் 10 லட்சம் வருஷம் கழிச்சு வந்தா நாம இருப்போமான்னு தெரியாது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆன்லைன்ல இருக்கணும்ல?

இதுக்கு நம்ம கார்த்திகையையே உதாரணமா எடுத்துக்கலாம். ஆறுமுகனுக்குப் பாலூட்டின கார்த்திகைப் பெண்கள்னு நாம கும்பிடற அந்த நட்சத்திரக் கூட்டம் சுமார் 440 ஒளியாண்டு தூரத்துல இருக்கு. கார்த்திகை மாசம் சாயங்காலம் கிழக்குல பார்த்தா தெரியும். வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் ஆறு. தொலைநோக்கியில ஆயிரத்துக்கும் மேல. இன்னைக்கு ராத்திரி உங்க கண்ணுல விழுற அந்த வெளிச்சம் அங்கே இருந்து கிளம்பினது 1580-கள் வாக்குல. அங்கே யாராவது நின்னு பூமியைப் பார்த்தா, அவங்களுக்குத் தெரியறது நாயக்கர் காலத்து மதுரை. நீங்க இல்லை, நான் இல்லை, இந்த ஃபோனும் இல்லை.

நாமும் சும்மா இல்லை, கூப்பிட்டுப் பார்த்திருக்கோம். 1974-ல அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியில இருந்து ஒரு செய்தி அனுப்பினாங்க. அது போற இடம் சுமார் 25,000 ஒளியாண்டு தூரம். உடனே பதில் போட்டாலும் நமக்கு வந்து சேர 50,000 வருஷம் ஆகும். எங்க ஆபீஸ்ல ஒரு சர்வருக்கு பிங் அனுப்பி 5 விநாடியில பதில் வரலைன்னா டைம்அவுட்னு சொல்லிடுவோம். பதில் வரலைங்கறதுக்காக அந்தப் பக்கம் சர்வரே இல்லைன்னு அர்த்தமில்லை. இருக்குன்னும் அர்த்தமில்லை. காத்திருக்கணும், அவ்வளவுதான்.

வாயேஜர்ல ஒரு தங்கத்தட்டு வச்சு அனுப்பினாங்க. அதுல 55 மொழிகள்ல வணக்கம் பதிவாகியிருக்கு. தெலுங்கு இருக்கு, கன்னடம் இருக்கு, சிங்களம் இருக்கு. தமிழ் இல்லை! தெரிஞ்சா கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கும். பரவாயில்லை, தமிழ்க் கடவுளுக்கு விண்கலத்துல சீட் பிடிச்சு அனுப்ப வேண்டிய அவசியம் இல்லைன்னு மனசைத் தேத்திக்கலாம் 🙂

"ஆனா பறக்கும் தட்டு வீடியோ எல்லாம் வருதே"ன்னு கேட்டா, அதையும் ஆராய்ஞ்சு பார்த்தாங்க. நாசா நியமிச்ச குழு 2023-ல அறிக்கை கொடுத்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2024-ல கொடுத்தது. அது வேற்று கிரகத்துல இருந்து வந்ததுங்கறதுக்கு ஆதாரம் கிடைக்கலைன்னு ரெண்டுமே சொல்லுது.

ஆக, என் பதில் இதுதான். எங்கேயோ இருக்கலாம். என்னைக்காவது ஒரு சிக்னல் கிடைக்கலாம். ஆள் நேர்ல வந்து, நம்ம காலத்துல, நம்ம வாசல்ல நிக்கறது ரொம்ப ரொம்ப அரிது.

*இப்போ அந்த ஃபார்வர்டுக்கு வருவோம்*

முருகனை ஏலியன்னு சொல்றது பெருமைன்னு நினைச்சுத்தான் பல பேர் ஷேர் பண்றாங்க. அவங்க மேல கோபம் இல்லை. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

ஏலியன்னா யார்? எங்கேயோ ஒரு கோள்ல பிறந்த ஓர் உயிர். நம்மைவிட அறிவு அதிகமா இருக்கலாம், ஆயுசு அதிகமா இருக்கலாம். ஆனாலும் அவனுக்குப் பசி உண்டு, எரிபொருள் வேணும், தூரம் ஒரு தடை, ஒருநாள் சாவும் உண்டு. சைவ சித்தாந்தம் மூணே வார்த்தையில பிரிச்சு வச்சிருக்கு: பதி, பசு, பாசம். பதி இறைவன். பசு உயிர்கள். பாசம் உயிரைக் கட்டியிருக்கிற கட்டு. எந்த அண்டத்துல பிறந்தாலும், எத்தனை புத்திசாலியா இருந்தாலும், ஏலியன் பசுதான். அப்போ முருகனை ஏலியன்னு சொன்னா பதியை இறக்கிப் பசுவாக்கிட்டோம். அது எப்படிப் பெருமை ஆகும்?

இன்னொண்ணு. விண்கலம், பயங்கர ஆயுதம், பல அண்டத்து ஆட்சி. இதெல்லாம் இருந்தா கடவுள்னு வச்சுக்கிட்டா, கந்தபுராணத்துல அந்தத் தகுதி யாருக்கு இருக்கு? யோசிங்க. 1008 அண்டம் யாருக்கு இருந்தது? 108 யுக ஆயுசு யாருக்கு இருந்தது? நினைச்ச இடத்துக்குப் போற இந்திரஞாலத் தேர் யார்கிட்ட இருந்தது? எல்லாமே சூரபத்மன்கிட்ட! பெரிய வேள்வி செஞ்சு, தவம் செஞ்சு, முறையா வாங்கின வரம் அது. டெக்னாலஜியை வச்சு மார்க் போட்டா சூரன்தான் ஃபர்ஸ்ட் ரேங்க். அவனை எதிர்த்து வந்தது ஒரு சின்னப் பையன். கையில ஒரு வேல்.

அந்த வேல் என்னன்னு நம்ம வீட்டுப் பாட்டிக்குத் தெரியும். அது ஞானம். ஆழமா, அகலமா, கூர்மையா இருக்கற அறிவுதான் வேல். அதை லேசர்னு சொன்னா, போர்க்கதை மட்டும் மிஞ்சும். பாடம் தொலைஞ்சுடும். லேசர் சூரனைக் கொன்னிருக்கும். வேல் அவனைக் கொல்லலை. திருச்செந்தூர்க் கடல்ல மாமரமா நின்னவனை ரெண்டாப் பிளந்து, மயிலும் சேவலுமா ஆக்கி, ஒண்ணை வாகனமா, இன்னொண்ணைக் கொடியா வச்சுக்கிட்டார். அழிக்க வந்தவனையே தன்கூட வச்சுக்கிற ஆயுதம் எந்த லேப்ல இருக்கு?

1968-ல எரிக் வான் டேனிகன் என்கிற சுவிட்சர்லாந்து எழுத்தாளர், பழைய நாகரிகங்களோட கடவுள்கள் எல்லாம் விண்வெளிப் பயணிகள்னு ஒரு புத்தகம் எழுதினார். நல்லா வித்தது. ஆராய்ச்சியாளர்கள் ஏத்துக்கலை. இப்போ சுத்தற ஃபார்வர்டுகளும் அந்த வகைதான். இந்த வாதத்துக்குள்ள ஒரு அவமானமும் ஒளிஞ்சிருக்கு. பழங்கால மக்களுக்குச் சொந்தமா யோசிக்கத் தெரியாது, சொந்தமா கட்டத் தெரியாது, எவனோ வானத்துல இருந்து வந்து சொல்லிக் கொடுத்தான்னு அர்த்தம் வருது. நம்ம சிற்பிகளோட உளியையும், அடியார்களோட அனுபவத்தையும் இப்படி யாருக்கோ தாரை வார்க்கணுமா?

*வந்துட்டா என்ன ஆகும்?*

அரிதுன்னு சொன்னேன், முடியவே முடியாதுன்னு சொல்லலை. ஒருவேளை வந்துட்டாங்கன்னு வைங்க. ஸ்டீபன் ஹாக்கிங் 2010-ல ஒரு எச்சரிக்கை கொடுத்தார். கொலம்பஸ் வந்ததும் அமெரிக்கப் பழங்குடிகளுக்கு என்ன ஆச்சோ, அதுதான் நமக்கும் ஆகலாம்னு சொன்னார். நியாயமான பயம். பலம் இருக்கறவன் எல்லாம் நல்லவனா இருக்கணும்னு கட்டாயம் இல்லை.

கந்தபுராணமும் இதையேதான் காட்டுது. பலம்னா என்னன்னு சூரன் காட்டினான். 1008 அண்டத்தையும் பிடிச்சு, தேவர்களைச் சிறை வச்சு, மீன் சுமக்க வச்சான். அதே பலத்தை எப்படி வச்சிருக்கணும்னு முருகன் காட்டினார். போருக்கு வந்தவர் நேரா வேலை வீசலை. முதல்ல வீரபாகுத் தேவரைத் தூது அனுப்பினார். "சிறையில இருக்கறவங்களை விட்டுடு"ன்னு கேட்டார். கடைசி நேரத்துலகூடத் தன் பெருவடிவத்தைக் காட்டி, சூரனுக்கே ஒரு நிமிஷம் ஞானம் வர வச்சார். அதனால யாராவது வந்தா, அவங்க கப்பல் எவ்வளவு பெருசுன்னு பார்க்கக் கூடாது. கட்டிப் போட வந்தாங்களா, கட்டை அவிழ்க்க வந்தாங்களான்னு பார்க்கணும். இது ஏலியனுக்கு மட்டும் இல்லை, எந்தப் புதுத் தலைவருக்கும், எந்தப் புது டெக்னாலஜிக்கும் இதே டெஸ்ட்தான்.

அப்போ நம்ம சாமி என்ன ஆவார்? ஒண்ணும் ஆக மாட்டார். பூமியை மட்டும் படைச்சவர்னு நம்பினாத்தான் ஏலியனைப் பார்த்துப் பதறணும். எல்லா அண்டத்துக்கும் அவர்தான் தலைவர்னு நம்பறவனுக்கு, வர்றவன் இன்னொரு பிள்ளை. அவ்வளவுதான். அவன் முருகான்னு கூப்பிட மாட்டான். வேற ஏதோ பேர் சொல்லிக் கூப்பிடுவான். நமக்கு உச்சரிக்கவே வராத பேரா இருக்கலாம். கேக்கறவர் ஒருத்தர்தானே.

*நம்ம வாசல்ல நிக்கற அந்நியர்*

இப்போ கடைசியா, எனக்கு முக்கியமாப் படறது இதுதான்.

தினைப்புனத்துல வள்ளி முன்னாடி முருகன் எப்படி வந்தார்? வேடனா வந்தார். வேங்கை மரமா நின்னார். பசியில தள்ளாடற கிழவரா வந்து தேனும் தினைமாவும் கேட்டார், விக்கல் எடுக்குது தண்ணி கொடுன்னார். வந்திருக்கறது யாருன்னு வள்ளிக்கே தெரியலை. ஆனா பசின்னு வந்தவருக்குச் சாப்பாடு கொடுத்தா. ஔவைப் பாட்டிக்கு நாவல் மரத்துல உக்காந்திருந்த மாடு மேய்க்கிற பையன் யாருன்னு தெரியலை. ஆனா அந்தப் பையன்கிட்டயும் பாடம் கத்துக்கிட்டா.

நம்ம கதைகள்ல மேலே இருந்து வர்றவர் விளக்கு மின்ன விண்கலத்துல இறங்கலை. அழுக்கு வேட்டியில, பசியோட, தெரியாத முகமாத்தான் வந்தார்.

ஒளியாண்டு தாண்டி வர்ற அந்நியனை எப்படி வரவேற்கறதுன்னு யோசிக்கிற நாம, பீகார்ல இருந்து ரெண்டு நாள் ரயில்ல வந்து நம்ம ஊர்ல கொத்து வேலை செய்யற பையனை எப்படி நடத்தறோம்? மழையில நனைஞ்சுக்கிட்டு சாப்பாடு கொண்டு வர்ற டெலிவரி தம்பிக்கு ஒரு டம்ளர் தண்ணி கொடுக்கறோமா? மொழி தெரியலைன்னா ஆளையே குறைச்சுப் பேசறோமா இல்லையா? தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போற வழியில அன்னதானம் போடறவங்க யாரையும் எந்த ஊர், என்ன பேருன்னு கேக்கறதில்லை. இலையைப் போட்டு உக்கார வைக்கறாங்க. ஏலியன் வந்தாலும் அந்த இடத்துல ஒரு இலை கிடைக்கும்னு நான் நம்பறேன். அந்தப் பழக்கம் தைப்பூசத்தோட முடியாம வருஷம் முழுக்க இருந்தா, எந்த அண்டத்துல இருந்து யார் வந்தாலும் நாம தயார்.

அதனால மூணு சின்ன வேண்டுகோள்.

1. முருகன் பேரைப் போட்டு வந்துட்டா அது உண்மைன்னு நினைக்காதீங்க. சரிபார்த்துட்டு அனுப்புங்க. பொய்யான பெருமை அவருக்குத் தேவையே இல்லை.

2. வானத்தைப் பாருங்க. கொடைக்கானல் பழனி மலைத்தொடர்லதான் இருக்கு. அங்கே நூறு வருஷத்துக்கும் மேலா சூரியனைப் படிக்கிற ஆய்வகமும் இருக்கு, பழனியை எட்டிப் பார்க்கிற குறிஞ்சி ஆண்டவர் கோயிலும் இருக்கு. ஒரே மலையில ரெண்டும் சண்டை இல்லாம இருக்கு. உங்க மனசுலயும் இருக்கலாம். திருப்பத்தூர் மாவட்டத்துல காவலூர் வைணு பாப்பு வானாய்வகமும் இருக்கு. சயின்ஸ் படிக்கிற தம்பி தங்கைகள் பயப்படாம படிங்க. கேள்வி கேக்கறது பாவம் இல்லை. அப்பாவுக்கே பாடம் சொன்ன சாமிநாதனோட பிள்ளைங்க நாம.

3. வர்ற சஷ்டி அன்னைக்கு, உங்களுக்கு முன்பின் தெரியாத ஒருத்தருக்குச் சாப்பாடோ தண்ணியோ கொடுங்க. ஃபோட்டோ எடுக்க வேண்டாம். யாருன்னு கேக்கவும் வேண்டாம்.

எல்லா அண்டத்து உயிர்களுக்கும் கந்தன் துணை இருக்கட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚